கீழ்த் தாள்

மிஷின் மறுபடியும் தானாக நின்றது.

காற்றுப் பம்பு மட்டும் உஸ் உஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருக்க, அம்புஜவல்லி குனிந்து, சின்ன உருளைக்கு அடியில் மாட்டிக்கிடந்த மஞ்சள் தாளை நகத்தால் நெம்பி வெளியே எடுத்தாள். விளிம்பைக் கட்டைவிரலால் நிமிண்டிப் பார்த்தாள். டியூப் லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தாள். ஒரே தாள்தான். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போனால் அந்த உருளை எழும்பி, பக்கத்து விசையைத் தட்டி மிஷினை நிறுத்தும். அதற்கென்றே வைத்த உருளை அது. ஒற்றைத் தாளுக்கு அது ஏன் எழும்புகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

“டபுள் போட்டுட்டியா?” என்றான் தில்லைநாதன், மிஷினுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தலையைத் தூக்காமல்.

“இல்லீங்க. ஒண்ணுதான் போச்சு.”

“ஒண்ணுக்கு எப்புடி நிக்கும்? சரியா விசிறியிருக்க மாட்ட.”

அத்தோடு அவன் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. “சௌந்தரி விசிறி வச்சான்னா பொழுதுக்கும் ஓடும்,” என்று மிஷினைப் பார்த்துச் சொன்னான்.

அம்புஜவல்லிக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. உயிரோடு இருக்கிறவள் என்றால் தெருவில் நிறுத்தி வைத்து நாலு கேள்வி கேட்கலாம், கொண்டையைப் பிடித்து உலுக்கலாம். செத்துப்போனவளை என்ன செய்வது? அவள் புதுத் தாள்கட்டு ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் வளைத்து, ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் காற்றுப் போகிற மாதிரி விர்ரென்று விசிறி, பலகையில் தட்டி அடுக்கினாள். சௌந்தரி செய்ததும் இதைத்தானே, இதற்குமேல் என்ன மந்திரம் போட்டாள் என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டாள்.

சிதம்பரத்திலிருந்து அண்ணாமலை நகர் போகிற சாலையில் பிரிகிற ஒரு சந்தில் இருந்தது அந்த அச்சகம். முன்பக்கம் மிஷின், பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு பிளாஸ்டிக் திரை. முதலாளியும் தில்லைநாதன்தான், மிஷின்மேனும் அவன்தான். தாள் போடுவதற்குப் பெண்டாட்டியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டான். முதலில் கிள்ளையிலிருந்து வந்த சௌந்தரி, அவனுடைய அத்தை மகள். அவள் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த மறுவருஷம், இரண்டாயிரத்துப் பத்து வைகாசியில், ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து அம்புஜவல்லி. முப்பத்திரண்டு வயதுவரை ஜாதகம் தட்டிக்கொண்டே போனவள் என்பதால், இரண்டாந்தாரம் என்றதும் அவள் வீட்டில் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

வேலையை அவள் சுறுசுறுப்பாகவே கற்றுக்கொண்டாள். பின்பக்கம் தாள்கட்டு. காற்று ஊதி மேல் தாளைக் கிளப்பும். வரிசையாக இருக்கிற ரப்பர் வாய்கள் அதை ச்சுப் என்று உறிஞ்சித் தூக்கும். நாடாக்கள் இழுத்துக்கொண்டு போய்ச் சின்ன உருளைக்கு அடியில் விடும், அங்கிருந்து கிரிப்பர் கவ்விக்கொண்டு உள்ளே போய்விடும். ச்சுப், டக். ச்சுப், டக். திரைக்கு அந்தப் பக்கம் குழம்பு கொதிக்கும்போதும் அவள் காது இங்கேயேதான் இருக்கும். சத்தத்தில் ஒரு ச்சுப் குறைந்தாலும் ஓடி வந்துவிடுவாள். இதையெல்லாம் யார் பார்த்தது?

அந்த அறையில் எங்கே திரும்பினாலும் சௌந்தரி. அலமாரித் தட்டில் அவளுடைய பவுடர் டப்பா. கை வியர்த்தால் தாள் ஒட்டும் என்று உள்ளங்கையில் பவுடரைத் தட்டிக்கொண்டுதான் அவள் கட்டைத் தொடுவாளாம். டப்பா காலியாகி ரொம்ப நாளாகியும் அவன் தூக்கிப் போடவில்லை. மிஷின் பக்கத்துச் சுவரில் ஆணியில் அவளுடைய நீலச் சட்டை. முந்தானை கிரிப்பரில் மாட்டக்கூடாது என்று புடவைக்கு மேல் போட்டுக்கொள்ள அவன் கொடுத்த அவனுடைய பழைய சட்டை. கல்யாணமாகி வந்த புதிதில் அம்புஜவல்லியிடம் அதையே நீட்டினான். அவள் போட்டுக்கொள்ளவில்லை. வேறு சட்டை கேட்டு வாங்கிக்கொண்டாள், ஆனாலும் நீலச் சட்டை ஆணியிலேயேதான் தொங்கியது, அக்குளில் இன்னொருத்தியின் வியர்வைக் கறையோடு.

இன்னொன்றும் இருந்தது. சௌந்தரி அவனை மச்சான் என்று கூப்பிடுவாளாம். ஒருநாள் ராத்திரி, ஆசையாகத்தான், அம்புஜவல்லியும் அப்படிக் கூப்பிட்டுப் பார்த்தாள். அவன் சட்டென்று திரும்பிப் படுத்தான். “அப்புடிக் கூப்புடாத,” என்றான். அதற்கப்புறம் அவள் அவனை ‘என்னாங்க’ என்பதற்குமேல் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவளுக்கு வேண்டியது நகையோ புடவையோ இல்லை. இந்த மிஷின் பக்கத்தில் நிற்கிற இடம் உன்னுடையதுதான் என்று அவன் வாயால் ஒருதடவை சொல்லவேண்டும். அந்த ஒன்றுக்காக அவள் எதையும் செய்திருப்பாள்.

அந்த வாரம் கிள்ளையிலிருந்து குப்பு சித்தி வந்தாள், சௌந்தரியின் அம்மாவுடைய தங்கை. மகளுக்குக் கார்த்திகையில் கல்யாணம். மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்தில் பத்திரிகை வேண்டும். வந்தவள் நாற்காலியில் உட்காரவில்லை. நேராகப் போய்த் தாள் போடுகிற பலகையைப் பிடித்துக்கொண்டு, “எம் பொண்ணு நின்ன எடம்,” என்று அழுதாள். தில்லைநாதனுக்கும் கண் கலங்கியது. அம்புஜவல்லி அங்கேயே, அந்த இடத்திலேயே, கையில் தாள்கட்டோடு நின்றுகொண்டிருந்தாள். சித்தியின் பார்வை அவள் வழியாகப் போய்ச் சுவரைத் தொட்டது. “கொஞ்சம் தண்ணி கொண்டாம்மா,” என்றாள், வேலைக்காரியிடம் சொல்கிற மாதிரி.

சித்தியைப் பஸ் ஏற்றிவிட அவன் போன நேரத்தில் அம்புஜவல்லி கத்தரிக்கோலை எடுத்தாள். அச்சகத்தில் மசி துடைக்கப் பழந்துணி எப்போதும் வேண்டும். கிழிந்த வேட்டி, நைந்த பாவாடை, எது கிடைத்தாலும் கிழித்துக் கூடையில் போட்டு வைப்பார்கள். அவள் நீலச் சட்டையை ஆணியிலிருந்து எடுத்து, பட்டன்களை ஒவ்வொன்றாக வெட்டி எறிந்து, கையைத் தனியாக, முதுகைத் தனியாக, காலரைத் தனியாகக் கத்தரித்து அதே கூடையில் போட்டாள். ஒவ்வொரு வெட்டுக்கும் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. சௌந்தரி தொட்ட துணியாலேயே மிஷின் அழுக்கைத் துடைக்கவேண்டும், அதுவும் தன் கையால் துடைக்கவேண்டும் என்று இருந்தது.

எலி கடித்துவிட்டது என்று அவனிடம் சொன்னாள். அவன் கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை. கூடையில் கையை விட்டு ஒரு துண்டை எடுத்தான், மூக்கருகே கொண்டுபோனான், பிறகு மெதுவாகத் திரும்பப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. மறுநாள் காலையிலிருந்துதான் மிஷின் இப்படி நிற்க ஆரம்பித்தது.

கடலூர் முதுநகரிலிருந்து நைனா பாய் வந்தார். இந்த மிஷினை இங்கே இறக்கிப் பூட்டியதே அவர்தான். வெளியே ஐப்பசி மழை நசநசவென்று பெய்துகொண்டிருந்தது. ஈரத்தில் தாள் ஊதியிருக்கும் என்றார் முதலில். கட்டுக்கு அடியில் குண்டு பல்பைக் கட்டித் தொங்கவிட்டு, தாள் சூடாகிற வரைக்கும் காத்திருந்து ஓட்டிப் பார்த்தார். நின்றது. உருளையைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அதே தாளில் ஒரு துண்டைக் கிழித்து, உருளைக்கு அடியில் விட்டு இடைவெளி வைத்தார். ஒரு துண்டுக்கு உருளை சும்மா இருந்தது, இரண்டு துண்டுக்கு எழும்பியது. சரியாகத்தான் இருந்தது. ஓட்டினார். ச்சுப், டக், ச்சுப். நின்றது.

நைனா பாய் அந்தத் தாளைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். அதை முகர்ந்தும் பார்த்தார். “தங்கச்சி, கையில பவுடர் போடுறியா?” என்று கேட்டார்.

“இல்ல பாய். நான் போடுறதில்ல.”

அவர் தில்லைநாதனைப் பார்த்தார். தில்லைநாதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“தாளு ஒண்ணுதான் இருக்கு. உருளைக்குக் கனம் ரெண்டு தெரியிது,” என்றார் பாய். “ஸ்பிரிங் வீக்காயிருக்கும். கடையில இருக்கு, வந்தா எடுத்தாந்துடலாம். ஆனா ஒண்ணு, அவசரம்னு இந்த உருளையத் தூக்கிக் கட்டிட்டு ஓட்டிப்புடாதீங்க. டபுள் போச்சுன்னா மேல இருக்கிற தாள்லதான் அச்சு வுழும். கீழ ஒண்ணு போவுதுன்னே ஒருத்தருக்கும் தெரியாது. வெறுந்தாளாப் போயி விழுந்து கெடக்கும்.”

சித்தி மறுநாள் காலையிலேயே பத்திரிகைக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். தில்லைநாதன் பாயோடு கடலூர் கிளம்பினான். குடையை விரித்துக்கொண்டே, “நான் வர்ற வரைக்கும் மிஷினத் தொடாத,” என்றான்.

“பிளேட்டு மாட்டியிருக்கு, மசி ஏத்தியிருக்கு. நானே ஓட்டி வச்சிடட்டுமா? சாயங்காலம் கரண்ட் போயிடும்.”

“வேணாம்.” அவன் வாசலில் நின்றான். சொல்லாமல் போய்விடுவான் என்றுதான் அவள் நினைத்தாள். “சௌந்தரியா இருந்தா வுட்டுட்டுப் போவேன்,” என்றான்.

குடை சந்து முனையில் திரும்புகிற வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே வந்து, முந்தானையை இழுத்துச் செருகி, அவனுடைய சாம்பல் நிறச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டு, கழுத்து வரைக்கும் பட்டன் போட்டாள். முடியை அள்ளி முடிந்து துணியால் இறுக்கிக் கட்டினாள். கண்ணில் தண்ணீர் நின்றது, அது ஆத்திரத் தண்ணீர். அவன் வரும்போது பத்திரிகை அடுக்கி, கட்டிவைத்திருக்கும். அப்போது என்ன சொல்கிறான் என்று பார்க்கலாம்.

தாளை விசிறினாள், அடுக்கினாள், பலகையை ஏற்றினாள். ஸ்விட்சைத் தட்டினாள். மோட்டார் முனகி, பம்பு பிடித்து, ரப்பர் வாய்கள் எழுந்து இறங்க ஆரம்பித்தன. மூடிக்கிடந்த வானத்தால் அறை மத்தியானத்திலேயே மங்கிப்போயிருந்தது. மண்ணெண்ணெய் நாற்றமும் மசி வாசனையும் ஈரச் சுவர் வாசனையும் கலந்து அடித்தன. முதல் தாள் எழும்பியது. நாடாவில் ஊர்ந்து உருளைக்கு அடியில் போனது.

நின்றது.

எடுத்தாள். ஒரு தாள். மறுபடி ஓட்டினாள். நின்றது. மறுபடி. நின்றது. ஒவ்வொரு தடவையும் அவள் தாளை எடுத்து நிமிண்டினாள், பிரித்துப் பார்க்க நகத்தை விட்டாள், விளிம்பை நாக்கில் வைத்து நனைத்துக்கூடப் பார்த்தாள். பிரியவில்லை. பிரிவதற்கு அங்கே எதுவும் இல்லை. நாக்கில் மட்டும் பவுடர் ருசி ஒட்டியது. தாழம்பூ வாசனைப் பவுடர், சந்தையில் விற்கிற மலிவுப் பவுடர். அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். டப்பா அதே இடத்தில் இருந்தது, மூடி திறந்திருந்தது. காற்றில் திறந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அறையில் காற்று வருவதற்கு வழி இல்லை என்பதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

“என்னாடி வேணும் உனக்கு?” என்றாள், சத்தமாகவே. “செத்தும் எடத்த வுட மாட்டியா?”

பம்பு மூச்சு விட்டது. மழை தகரக் கூரையில் பெய்தது. அம்புஜவல்லி கூடையில் கையை விட்டு, கைக்குக் கிடைத்த துணித் துண்டை எடுத்தாள். உருளையை விரலால் தூக்கி, விசைக்கு எட்டாமல் விலக்கிப் பிடித்து, அது கீழே இறங்க முடியாதபடி துணியால் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டாள். முடிச்சுப் போட்டபிறகுதான் அது நீலத் துணி என்று கவனித்தாள். காலர் துண்டு. அதுவும் நல்லதுக்குத்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்விட்சைத் தட்டினாள்.

ஓடியது.

ச்சுப், டக். ச்சுப், டக். இந்த மிஷின் இவ்வளவு மிருதுவாக ஓடி அவள் கேட்டதில்லை. மஞ்சள் தாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி, நாடாவில் வழிந்து, உள்ளே போய், அந்தப் பக்கத்துத் தட்டில் சிவப்பு எழுத்தோடு வந்து இறங்கின. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கோணல் இல்லை. அவள் மசியைப் பார்த்தாள், பிளேட்டை நனைக்கிற தண்ணீரைப் பார்த்தாள், மறுபடி ஓடி வந்து தாள்கட்டைப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஸ்ரீமுஷ்ணத்தை விட்டு வந்ததிலிருந்து அப்படிச் சிரித்ததில்லை. “பாத்தியா?” என்றாள். “பாத்துக்க. உன்னவிட நல்லா ஓட்டுறேன். அவுரு வரட்டும், அவுரு வாயால சொல்லுவாரு.” சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த இடத்தில் தாழம்பூ மணத்தது.

தட்டு நிறைந்துவிட்டது. மிஷினை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் போனாள்.

தட்டில் இருந்த கட்டு அவள் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. அவள் ஏற்றிய கட்டு அவ்வளவு உயரமில்லை. திரும்பிப் பார்த்தாள், தாள் ஏற்றிய பலகையில் இன்னும் முக்கால்வாசி அப்படியே இருந்தது. கால்வாசித் தாள் போய் இவ்வளவு எப்படி வந்தது? மேல் தாளை எடுத்தாள். பத்திரிகை, பளிச்சென்று. அதற்கு அடியில் வெறும் மஞ்சள் தாள். அதற்கு அடியில் பத்திரிகை. அதற்கு அடியில் வெறுந்தாள். ஒன்றுவிட்டு ஒன்று, கடைசிவரை, ஒவ்வொரு பத்திரிகைக்கும் கீழே ஒரு வெறுந்தாள் வந்திருந்தது.

அவள் வெறுந்தாள்களை மட்டும் பொறுக்கித் தனியாக அடுக்க ஆரம்பித்தாள். அவன் வருவதற்குள் இதை மறைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் புத்தியில் ஓடியது. பொறுக்கியதைக் கையில் எடுத்தபோது ஒரு மூலையில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பவுடர். சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிகிற மாதிரி, ஒரு விரல் நுனி. அடுத்த தாளில் அந்த விரல் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. அடுத்ததில் இரண்டு விரல்.

பழக்கம் விடுமா? தாளைக் கையில் எடுத்தால் விசிறவேண்டும். அம்புஜவல்லி கட்டை வளைத்தாள். கட்டைவிரலை விளிம்பில் வைத்து விர்ரென்று விட்டாள்.

கை அசைந்தது.

மஞ்சள் தாள்களுக்குள், விசிறுகிற வேகத்தில், ஒரு வெள்ளைக் கை மூலையிலிருந்து ஊர்ந்து வந்தது. விரல்களை விரித்தது. எதையோ தடவித் தேடியது. நடுவில் வந்து நின்று, மெல்ல மல்லாந்தது. பிறகு விளிம்பை நோக்கி வந்தது. அவள் கட்டைவிரல் இருந்த விளிம்பை நோக்கி. கடைசித் தாளில் அது ரொம்பப் பக்கத்தில் இருந்தது.

அவள் கட்டைப் போட்டுவிட்டாள். தாள்கள் தரையில் சரிந்தன.

கரண்ட் போனது.

டியூப் லைட் செத்தது. பம்பு கடைசி மூச்சை விட்டு அடங்கியது. சந்தில் எதிர் வீட்டு டி.வி.யும் நின்றது. விளக்கு வைக்கிற நேரத்துச் சாம்பல் வெளிச்சம் ஜன்னலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மழைச் சத்தம்கூடத் தூரமாகிவிட்ட மாதிரி இருந்தது.

ச்சுப்.

அவள் அசையவில்லை.

டக்.

மோட்டார் ஓடவில்லை. பம்பு ஓடவில்லை. ஆனாலும் பின்பக்கம் மேல் தாள் எழும்பியது. அதற்குக் கீழே இன்னொன்றும் எழும்பியது. நாடாவில் இரண்டும் சேர்ந்து ஊர்ந்தன. நீலக் காலர் சுற்றிய உருளைக்கு அடியில் நுழைந்தன. உருளை தடுக்கவில்லை. அவள்தானே கட்டினாள்.

அவிழ்க்க வேண்டும். அவள் ஓடினாள். முடிச்சைப் பிடித்தாள். இறுகியிருந்தது. நகம் உடைந்தது. தாழம்பூ. மூக்கு முழுக்கத் தாழம்பூ. விரல் நுனிகளில் ஏதோ ஒட்டியது. ஈரமாக. ரப்பர் வாய் மாதிரி. உறிஞ்சியது. விரலை இழுத்தாள். வரவில்லை. தோள் எழும்பியது. அவள் எழும்பினாள். கனமே இல்லாமல். முதுகுக்குப் பின்னால் யாரோ. முதுகோடு முதுகாக. பிறகு மேலே. உச்சந்தலையிலிருந்து பாதம் வரைக்கும், காய்ந்த, மெல்லிய, குளிர்ந்த ஒன்று வந்து படிந்தது. ஒரு தாளின் கனம்தான் இருந்தது அதற்கு.

டக்.

அவள் மல்லாந்து கிடந்தாள். எங்கே என்று தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இரண்டு பக்கமும் தகர விளிம்பு. அது தாள் வந்து இறங்குகிற தட்டு. கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். ஊன்றுவதற்குக் கை இல்லை. கத்தப் பார்த்தாள். குரல் எங்கிருந்தும் வரவில்லை. கண் மட்டும் இருந்தது, அல்லது பார்வை மட்டும் இருந்தது.

மிஷினுக்கு அந்தப் பக்கம், தாள் போடுகிற இடத்தில், ஒருத்தி நின்றிருந்தாள். புடவைக்கு மேல் நீலச் சட்டை. எங்கும் வெட்டில்லை, எல்லாப் பட்டனும் இருந்தது. துணி கட்டிய கொண்டை. முகம் அம்புஜவல்லியின் முகம். அவள் நிதானமாக இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துக்கொண்டாள், அங்கே வெள்ளைத் தூள் பறந்தது.

வாசலில் குடை மடங்குகிற சத்தம் கேட்டது. செல்போன் டார்ச் வெளிச்சம் சுவரில் ஆடியது.

“மிஷினத் தொடாதன்னு சொன்னேன் இல்ல?” என்று ஆரம்பித்த தில்லைநாதன் நடுவில் நின்றான். மூச்சை இழுத்தான். இன்னொருதடவை இழுத்தான். டார்ச் நீலச் சட்டையில் விழுந்து அங்கேயே நின்றது.

“வாங்க மச்சான்,” என்றது அம்புஜவல்லியின் வாய். “நனஞ்சிட்டீங்களா?”

அவன் முகத்தைச் சுளிப்பான், அப்படிக் கூப்பிடாதே என்பான் என்று அவள் காத்திருந்தாள். சுளிக்கவேண்டும் என்று கும்பிடாத குறையாக வேண்டினாள். அவன் சுளிக்கவில்லை. குடையைக் கீழே போட்டுவிட்டுக் கிட்டே போனான். சட்டையின் காலரைத் தொட்டான், திறந்திருந்த மேல் பட்டனைப் போட்டுவிட்டான். அம்புஜவல்லிக்கு அவன் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

“சௌந்தரி,” என்றான்.

“வேல முடிஞ்சிடிச்சி மச்சான். பாருங்க.”

அவன் தட்டுப் பக்கம் வந்தான். பத்திரிகை ஒன்றை எடுத்து டார்ச்சில் பார்த்துச் சிரித்தான், இன்னொன்றை எடுத்தான். காயாத சிவப்பு மசி அவன் விரலெல்லாம் ஒட்டியது. “நல்லா வந்திருக்கு,” என்றான். “நீ நின்னா எனக்கு என்னா கவல. இது உன் எடமில்லியா.” அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தேவிட்டது. “டபுள் போயிருக்கும்போலயே, கீழ தாளு கெடக்குது?”

“அது வெறுந்தாளு மச்சான். எடுத்துப் போட்டுடுங்க.”

அவன் கை இறங்கி வந்தது. அம்புஜவல்லி தூக்கப்பட்டாள். அவன் முகம் அவளுக்கு ரொம்பக் கிட்டத்தில் வந்தது, மூச்சு படுகிற தூரத்தில். டார்ச்சைச் சாய்த்து இந்தப் பக்கம் பார்த்தான், திருப்பி அந்தப் பக்கம் பார்த்தான். என்னாங்க, என்றாள் அவள். நான்தாங்க. அவன் கண் அவள்மேல் நிதானமாக, மூலைக்கு மூலை ஓடியது.

“ஒண்ணுமே இல்ல,” என்றான்.

பிறகு, மசி படிந்த விரல்களை ஒவ்வொன்றாக அவள்மேல் துடைத்தான். சிவப்பு விளிம்பிலிருந்து நடுவுக்கு வந்தது. துடைத்து முடித்ததும், பேசிக்கொண்டே, அவள் பக்கம் பார்க்காமலே, அவன் அவளைக் கசக்க ஆரம்பித்தான்.